மணல், ஓலை, சிலேட்டு: எல்லையோரப் பிள்ளைகள் எழுத்தறிந்த வரலாறு

நம் சங்க மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கடைக்கே வந்து கேட்டார்கள். "அண்ணாச்சி, நீங்க சமணர் ஆச்சே, சித்தறால் மலையைப் பத்தி எழுதுங்களேன்" என்றார் அவர்களில் ஒருவர். அதையும் தொட்டுச் செல்கிறேன். ஆனால் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1984-ல் இந்தக் குளத்தூருக்கு வந்தது முதல் சிலேட்டும், பலப்பமும், நோட்டும், சார்ட்டும் விற்றுப் பிழைத்தவன் நான். கல்லூரி வாசல் மிதித்தவனல்லன். படித்ததெல்லாம் கடையில் ஆள் வராத மத்தியான நேரத்தில் படித்ததுதான். ஆகவே என் கைக்குத் தெரிந்த பொருளைப் பற்றியே எழுதுகிறேன். சின்னப் பிள்ளைகள் எதைக் கையில் பிடித்து எழுத்துக் கற்றார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011-ல் என் தகப்பனார் காலமானார். ஊரில் காரியம் முடிந்த அன்று மாலை ஸ்ரீபுராணத்திலிருந்து சில பக்கம் வாசிப்பது எங்கள் வீட்டு வழக்கம். பெரியவர் ஒருவர் புத்தகத்தை என் மகனிடம் கொடுத்து, "பேரன் வாசிக்கட்டும்" என்றார். அவன் இரண்டு நிமிஷம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு புத்தகத்தை என்னிடம் நீட்டினான். அவன் மலையாளத்தில் படித்தவன், ஆங்கிலத்தில் கணக்கெழுதுகிறவன். தமிழ் நன்றாகப் பேசுவான். எழுத்துதான் தெரியாது. திரும்பி வரும் ரயிலில் அவன் சொன்னான்: "அப்பா, ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சிலேட்டு வித்தீங்க. எனக்கு ஒரு நாள் கையப் பிடிச்சு எழுத வெச்சிருக்கீங்களா?" எனக்கு வாயடைத்துப் போயிற்று. அவன் சொன்னது நிஜம். காலை ஏழு மணிக்குக் கடை திறந்து இரவு ஒன்பதுக்கு மூடுகிறவனுக்குப் பிள்ளையின் ஞாபகம் எங்கே இருந்தது?

பள்ளி என்னும் சொல்

நம் குளத்தூர் இன்று கேரளத்து நெய்யாற்றின்கரை வட்டத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தெற்கெல்லைப் போராட்டத்தில் கேட்கப்பட்ட நெய்யாற்றின்கரை சேரவில்லை. களியக்காவிளையைத் தாண்டினால் பஸ் போர்டின் எழுத்து மாறிவிடுகிறது. ஆனால் கோடு போட்டது 1956-ல்தான். அதற்கு முன் கல்வி வரலாற்றில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற பிரிவினை கிடையாது.

இங்கிருந்து அதிக தூரமில்லாத முன்சிறைக்கு அருகில் பார்த்திவசேகரபுரம் இருக்கிறது. கி.பி. 866-ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே கோயில் எடுத்து, 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, ஒரு சாலை அமைத்தான் என்று செப்பேடு சொல்கிறது. காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டது அது. உண்டு உறைந்து படிக்கும் உயர்கல்விக் கூடம். சேர வருகிற மாணவனுக்கு இலக்கணமும் மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அப்படியானால் அங்கே வருமுன் அவன் எழுத்தறிந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த முதல் எழுத்தை யார் கற்பித்தார்கள் என்பதைச் செப்பேடு பேசுவதில்லை. அரிச்சுவடி வாத்தியாரைக் கல்வெட்டில் பொறிப்பவர் எக்காலத்திலும் குறைவுதான்.

சித்தறால் என்னும் திருச்சாரணத்து மலை இதே வட்டாரத்தது. விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று அங்கே உண்டு. அரட்டநேமி பட்டாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்தி என்பார் மலையிலுள்ள பகவதிக்குப் பொற்பூவும் அணிகளும் கொடுத்ததை அது கூறுகிறது. குரத்தி என்பது குரு என்பதன் பெண்பால். ஆசிரியை என்றே கொள்ளலாம். எங்கள் வந்தவாசிப் பக்கத்து வேடல் கல்வெட்டில் கனகவீரக் குரத்தியாரையும் 500 மாணவியரையும் பற்றிய செய்தி வருகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பெண் ஆசிரியரும் மாணவியரும் இத்தனை பேர் இருந்தார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சமணத் துறவியர் தங்கிய இடத்துக்குப் பள்ளி என்று பெயர். ஊர்ப் பிள்ளைகள் அங்கே சென்று படித்ததால் கல்விக்கூடத்துக்கும் அப்பெயர் நின்றது என்பர். கேரளத்தில் இன்று 'பள்ளி' என்றால் மாதா கோயிலையும் மசூதியையும் குறிக்கும். படிக்கிற இடம் 'பள்ளிக்கூடம்' அல்லது 'ஸ்கூள்'. ஒரே சொல் மூன்று மதத்தாருக்கும் வீடாகிவிட்டது. சமணர் கொள்கையில் உணவு, மருந்து, அடைக்கலம், நூல் என நான்கு தானங்கள் உண்டு. ஏட்டைப் படியெடுத்துக் கொடுப்பதும் கற்பிப்பதும் சோறு போடுவதற்குச் சமம். நன்னூல் செய்த பவணந்தியாரும், சூடாமணி நிகண்டு செய்த மண்டல புருடரும் சமணரே. அவ்விரண்டு நூல்களும் பின்னாளில் எல்லாச் சமயத்துத் திண்ணைப் பள்ளிகளிலும் மனப்பாடமாயின.

மணலும் ஓலையும்

அந்நாளில் பிள்ளைக்குக் கிடைத்த முதல் எழுதுபொருள் மணல். தரையில் மணலைப் பரப்பி ஆசான் பிள்ளையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து எழுத வைப்பார். வாயும் கூடவே அந்த ஓசையைச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் அவருக்கு நிலத்தெழுத்து ஆசான் என்று பெயர். பெண்ணானால் ஆசாட்டி. விஜயதசமியன்று உருளியில் அரிசி பரப்பி எழுத்தினிருத்து செய்வதை இன்றும் காண்கிறோம். மணல் பழகிய பிறகே ஓலை. ஓலையில் ஆசான் எழுத்தாணியால் (இங்கே நாராயம் என்பார்கள்) கீறிக் கொடுப்பார். பிள்ளை அதன்மேல் தடவித் தடவிப் பழகும். கீறிய இடத்தில் கரியோ மையோ பூசித் துடைத்தால் எழுத்து கறுப்பாகத் தெரியும். பனை மிகுந்த நாடு இது, ஓலைக்குப் பஞ்சமில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஓலையில் தவறினால் அழிக்க முடியாது. மணலில் தவறினால் உள்ளங்கையால் ஒரு தடவல், போயே போச்சு. தவறு செய்யப் பயமில்லாத பொருளில் தொடங்கி, கவனம் வேண்டிய பொருளுக்குப் பிள்ளையைக் கூட்டிச் சென்றார்கள்.

1623-ல் பியத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி கன்னட நாட்டு இக்கேரிப் பக்கம் வந்தார். ஒரு கோயில் முகப்பில் சிறுவர் நால்வர் வாத்தியார் இல்லாமலே கணக்குப் படிப்பதைக் கண்டு வியந்து எழுதினார். பாட்டாகச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதினார்கள். இடம் நிரம்பியதும் மேலே புதுமணலைத் தூவி மறுபடி எழுதினார்கள். ஒருவருக்கொருவர் அவர்களே ஆசான்.

எழும்பூரிலிருந்து லண்டனுக்கு

இந்த மணல் கப்பலேறிய கதையை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். 1789-ல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். அங்கிருந்த ஆசிரியர்களின் கற்பிப்பு அவருக்கு மனநிறைவு தரவில்லை. ஒருநாள் வழியில் 'மலபார்ப் பள்ளி' ஒன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் எழுதுவதைக் கண்டார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் மலபார் என்றே அழைத்தனர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சென்னையில் அவர் கண்டது நம் திண்ணைப் பள்ளியே.

பெல் தம் விடுதியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் இது நடக்காது என்றார்கள். உடனே 8 வயதுச் சிறுவன் ஜான் ஃபிரிஸ்கனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பிள்ளை பிள்ளைக்குக் கற்பித்தது, மணல் பலகையானது. 1797-ல் லண்டனில் இதை நூலாக்கினார். சென்னை முறை என்றே அதற்குப் பெயர் வந்தது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் தம் பள்ளியில் மணல் தட்டுகளை வைத்தார். 1811-ல் இங்கிலாந்தில் அமைந்த தேசியக் கல்விச் சங்கம் பெல்லின் முறையை ஏற்று ஆயிரக்கணக்கான பள்ளிகளை நடத்திற்று. காகிதம் வாங்க முடியாத ஏழைப் பிள்ளைகள் அந்நாட்டில் எழுத்தறிந்ததில் நம் திண்ணை மணலுக்கும் பங்குண்டு.

கருகிய பெஞ்சு

பெருமையை மட்டும் சொல்லி முடித்தால் நான் நேர்மையான வியாபாரி அல்லன். சரக்கின் குறையையும் சொல்ல வேண்டும். சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ எடுத்த கணக்கின்படி 1826-ல் 12,498 பள்ளிகள் இருந்தன. 1,88,650 பேர் படித்தனர். மக்கள் தொகையோ ஒரு கோடியே 28 லட்சம். படித்தவர்களில் பெண் பிள்ளைகள் மிகச் சிலரே. பிரம்படியும் கோதண்டமும் உண்டு. பொருள் தெரியாமலே நிகண்டு ஒப்பிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், சாதி பார்த்துத்தான் திண்ணையில் இடம்.

திருவிதாங்கூரில் 1817-ல் ராணி கௌரி பார்வதி பாய் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். லண்டன் மிஷன் பாதிரிமார்கள் மைலாடி, நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை எனப் பள்ளிகள் திறந்தார்கள். நாகர்கோவிலில் அச்சுக்கூடமும் வந்தது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசுப் பள்ளிக் கதவு எளிதில் திறக்கவில்லை. வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி (1863-1941) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து ஊருட்டம்பலம் பள்ளிக்குக் கூட்டிச் சென்றார். ஒரு பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். அதற்காகப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். கருகிய பெஞ்சு இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. நம் குடும்பங்கள் பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து வரலாம், தூரமில்லை. எழுதுபொருள் எவ்வளவு நல்லதானாலும், உட்கார இடம் கொடுத்தால்தான் அது கல்விச் சாதனம்.

சிலேட்டு வந்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசுப் பள்ளியும் மிஷன் பள்ளியும் பெருகியபோது சிலேட்டும் கரும்பலகையும் வந்தன. மணலின் குணமான அழிக்கும் வசதி சிலேட்டில் இருந்தது. கையில் எடுத்துப் போகலாம், ஆசிரியரிடம் காட்டலாம் என்பது கூடுதல். நான் கடை தொடங்கிய காலத்தில் ஆந்திரத்து மார்க்காப்பூர்க் கற்சிலேட்டுக்கு நல்ல மவுசு. மரச் சட்டம் போட்டு வரும், கீழே விழுந்தால் கதை முடிந்தது. பின்னர் தகரம், அதன் பின்னர் பிளாஸ்டிக். எங்கள் ஊரில் கோவையிலையையும் கரியையும் அரைத்துப் பலகைக்குப் பூசுவோம். இங்குள்ள பிள்ளைகள் மஷித்தண்டைப் பறித்துச் சிலேட்டைத் துடைக்கும். ஜூன் மாத மழையில் சுவரோரம் அது முளைத்தால் பள்ளி திறந்துவிட்டது என்று அர்த்தம்.

1939-ல் அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகளின் விரலால் தடவ வைத்தார். பிரெஞ்சு மருத்துவர்களான இதார், செகேன் ஆகியோரின் வழியில் அவர் கண்ட முறை அது. வேர் வேறானாலும், கண்ணுக்கு முன் விரல் படிக்க வேண்டும் என்ற முடிவு ஒன்றே. 1990-களில் அறிவொளி இயக்கம் பட்டா, படி போன்ற அன்றாடச் சொற்களிலிருந்து பெரியவர்களுக்கு எழுத்தைத் தொடங்கியது. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-ல் தமிழகம் முழுவதும் பரவியது. மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் உருவான அட்டை முறையைப் பின்பற்றியது அது. பிள்ளை தன் அட்டையைத் தானே எடுத்துத் தன் வேகத்தில் படிக்கும். 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பெயர்கள் மாறினாலும், பிள்ளையின் கையில் ஒரு பொருளைக் கொடு என்பதுதான் எல்லாவற்றிலும் உள்ள சரக்கு.

கடைப் பின்கட்டு வகுப்பு

2018-ல் என் பேத்திக்கு ஆறு வயது. மகனிடம் செய்த தவறைப் பேத்தியிடமும் செய்யலாகாது என்று, கடையின் பின்கட்டில் ஞாயிறு காலை வகுப்பு தொடங்கினேன். பக்கத்துக் குடும்பங்களிலிருந்தும் வந்து மொத்தம் 11 பிள்ளைகள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும். மலையாளம் படிப்பதில் எனக்குக் குறையில்லை, சோறு போடும் மண்ணின் மொழி. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி கேரளத்துப் பள்ளிகளில் அது கட்டாயமும் ஆயிற்று. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு 1956 முதல் கூறுகிறது. சட்டம் வாசலைத் திறந்து வைக்கும். பிள்ளையைக் கூட்டிப் போகவேண்டியது நாம்தான்.

முதலில் நான் செய்தது பிசகு. கடையிலிருந்த வண்ணச் சார்ட்டை மாட்டி, அ அம்மா, ஆ ஆடு என்று ஒப்பிக்க வைத்தேன். மூன்று மாதத்தில் அத்தனையும் மனப்பாடம். சார்ட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு ஓர் எழுத்தை எழுதிக் கேட்டால் முழிக்கிறார்கள். படத்தைப் படித்தார்களே தவிர எழுத்தைப் படிக்கவில்லை. நான்கு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஒரு தாயார் நேராகவே சொன்னார்: "அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழமையும் ஒப்பிக்கணுமான்னு பிள்ளை அழுது."

அப்போதுதான் பெல்லைப் படித்தது மண்டையில் உறைத்தது. ஆற்று மணலைச் சலித்துக் கழுவிக் காயவைத்தேன். இட்லித் தட்டு அல்ல, விளிம்புள்ள அலுமினியத் தாம்பாளம் ஏழு வாங்கினேன். ட, ப, ம என்ற மூன்றெழுத்தை முதலில் எடுத்தேன். அவை கோடும் மூலையுமாக எளிதில் வரும். அந்த மூன்றையும் ஒரு புள்ளியையும் வைத்தே படம், மடம், பட்டம் என்று சொல் அமைக்கலாம். முதல் நாளே ஒரு முழுச் சொல்லை எழுதிவிட்ட பிள்ளை அடுத்த வாரம் தானே வருகிறது.

மலையாளம் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்தில் பாதி வழி கடந்தாயிற்று என்பதும் அங்கே எனக்கு விளங்கியது. ய, ண, ல, ற, ழ ஆகியவற்றின் மலையாள வடிவத்தை ஓரமாக எழுதிக் காட்டினால், "இது அதுதானே தாத்தா!" என்று கத்துகிறார்கள். துணைக்காலும் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இரு மொழியிலும் நிற்கும் இடம் ஒன்றே. இடர் வேறிடத்தில். "தாத்தா, இதுல எந்த ப? தம்பியில பி எழுதணும்னா எது?" என்று பேத்தி கேட்டாள். மலையாளத்தில் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் தனித்தனி எழுத்து. தமிழில் இடம் பார்த்து ஒலிக்க வேண்டும். நேர்மாறாக, மலையாளத்தில் ந, ன இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஆகவே இங்குள்ள பிள்ளை 'நான்' என்பதை எழுதும்போது தடுமாறும். இதற்கென்று தனி அட்டைகள் நானே வெட்டினேன், பழைய நோட்டு அட்டையில். சொல்லின் முதலில் ந, பெரும்பாலும் நடுவிலும் கடைசியிலும் ன என்று பச்சை, சிவப்பு மையால் எழுதினேன். எந்தக் கம்பெனியும் இந்த அட்டையைச் செய்து விற்காது. எல்லையோரப் பிள்ளையின் சிக்கல் எல்லையில் இருப்பவனுக்குத்தான் தெரியும்.

கொரோனாக் காலத்தில் வகுப்பு நின்றது, பிறகு மறுபடி தொடங்கியது. பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எல்லாரும் தேறினார்கள் என்று சொல்ல மாட்டேன். இருவருக்கு இன்னும் கூட்டெழுத்துபோல் கொம்பும் காலும் குழப்பம்தான். ஆறு பேர் தமிழ்ச் செய்தித்தாளின் தலைப்பு வாசிக்கிறார்கள். பேத்தி தன் கொள்ளுப்பாட்டிக்கு மாதம் ஒரு கடிதம் போடுகிறாள். அந்த அம்மாளுக்கு வயது தொண்ணூறுக்கு மேல். போனில் பேசினால் காது கேட்காது, கடிதம்தான் அவருக்குப் பேச்சு.

போன வருஷம் ஒரு ஞாயிறு. நான் கடையில் ஒரு பார்ட்டியிடம் பேசிக்கொண்டிருந்தேன். பின்கட்டில் வகுப்பு முடிந்து பிள்ளைகள் போய்விட்டார்கள். எட்டிப் பார்த்தேன். என் மகன், நாற்பதை நெருங்குகிறவன், தாம்பாளத்துக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். பேத்தி அவன் விரலைப் பிடித்திருந்தாள். "அப்பா, மூணு சுழி போடுங்க, ரெண்டு இல்ல" என்றாள். நான் சத்தமில்லாமல் கடைக்குத் திரும்பிவிட்டேன். பார்ட்டிக்குச் சொன்ன விலையை மறந்துபோய்க் குறைத்துச் சொன்னேன். பரவாயில்லை.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம்

ஆண்டுதோறும் பொங்கல் விழாவில் நம் பிள்ளைகள் மேடையேறித் தமிழில் பேசுகிறார்கள். பெற்றோர் மகிழ்கிறோம். அந்தப் பேச்சு பல வீடுகளில் மலையாள எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதி மனப்பாடம் செய்தது என்பது நமக்குள் தெரிந்த ரகசியம். வரும் ஆண்டிலிருந்து சங்கக் கட்டிடத்தில் வாரம் ஒரு மணி நேரம் எழுத்து வகுப்பு வைக்கலாம். பெரிய செலவில்லை. பத்துத் தாம்பாளம், ஒரு சாக்கு மணல், இருபது சிலேட்டு, கையால் எழுதிய அட்டைகள். சிலேட்டும் பலப்பமும் என் பொறுப்பு, அசல் விலைகூட வேண்டாம். என் வீட்டில் நாற்பது வருஷம் பாக்கி நின்ற கணக்கு அது.

எழுதப் பழகிய பிள்ளைகள் அடுத்த மலரில் தங்கள் கையெழுத்திலேயே ஒரு பக்கம் எழுத வேண்டும். கோணலாக இருந்தாலும் அச்சிடுங்கள். அந்தப் பக்கத்துக்காக என் கட்டுரையை விட்டுவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.